பேரன் வயித்துல எடுத்த கடலை

…அதனால இந்த வேர்க்கடலைய உடைச்சிக்கிட்டே பேசுறேங்கக்கா, தப்பா நினைச்சிக்காதீங்க. கையை சும்மா வெச்சிக்கிட்டு பேசினா அத்தை உள்ளருந்து எட்டிப் பாப்பாங்க. கை ஓடிச்சின்னா வாயும் ஓடட்டும்னு வுட்டுடுவாங்க. உக்காருங்க. மாமா குளிக்கிறாரு. உப்பளத்துலருந்து வந்தா தலைக்கு ஊத்தாம எந்தப் புள்ள வயித்துல சிக்கின தொக்கத்தையும் எடுக்க மாட்டாரு. அவ்ளோ சுத்தம்.

ஆமாங்க, நீங்க கேள்விப்பட்டது நெசந்தான். சொந்தப் பேரனுக்கே எடுத்தாரு. அந்தப் பேரனைப் பெத்தவ நான்தான். பூவிழி. உங்க ஊரு கீழ்புத்துப்பட்டு வரைக்குமா பேச்சு போயிடுச்சி? போவும் போவும். மழை வந்தா உப்பளத்த மூடிடுவாங்க, தொக்கத்த யாரு மூடுறது?

பொம்பளப் புள்ளையாங்க? இன்னும் பேரு வெக்கலையா. எங்க, பாப்பா கக்கின துண்டைக் காட்டுங்க… ம். பச்சையா இருக்குது. காலையிலருந்தா? இல்லக்கா, சும்மா கேட்டேன். ஒரு நிமிஷம், ஒரு போன் பண்ணிக்கிறேன். ஏங்க, சோறு ஆயிடுச்சி, வந்துடுங்க. ஆங், ஆறிடும், உடனே வாங்க. எங்க வீட்டுக்காரருக்கா. ஈசிஆர்ல ஆட்டோ ஓட்டுறாரு.

எதுல வுட்டேன்? என் பையன். அவனும் இப்படித்தாங்க. பால் குடிப்பான், பச்சையா கக்குவான். நான் கீரை தின்னேனாம், அதான் பச்சையாம், அத்தை சொன்னாங்க. நல்லவேளை, பீட்ரூட் திங்கல. அப்புறம் மாமா வந்தாரு. வயித்துமேல வெள்ளைத் துணிய போட்டு, குழாய வெச்சி, கண்ணை மூடிக்கிட்டு உறிஞ்சினாரு பாருங்க, அப்படி ஒரு உறிஞ்சல். வாழையிலையில துப்புனா, அரை வேர்க்கடலை! தெருவே கன்னத்துல போட்டுக்கிச்சி. பல்லு முளைக்கல, பாலைத் தவிர பச்சத்தண்ணி கண்டதில்ல, அந்தப் புள்ள கடலைய ரெண்டா கடிச்சி பாதிய முழுங்கியிருக்குது. என்னா சாமர்த்தியம்!

எப்படி உள்ள போச்சின்னு ஒருத்தரும் கேக்கல. அத்தை மட்டும் கேட்டாங்க, என்னைத்தான். நீ தின்ன கடலைதான்டி, பால் வழியா போயிருக்குதுன்னாங்க. அவ்ளோ பெரிய வழி என் உடம்புல இருக்கறது எனக்கே தெரியாம இருந்திருக்குது பாருங்க. அன்னையிலருந்து எனக்கு ரசம் சோறுதான்.

நின்னுச்சாவா? மறுநாளும் பச்சைதான். மாமாவ கேட்டா, மீதிப் பாதி உள்ள இருக்குதுன்னாரு. நியாயந்தானே, பாதிதானே வெளிய வந்துச்சி.

தடுப்பூசி போட தூக்கிட்டுப் போன எடத்துலதான் கெட்டுச்சி. நர்சம்மா துண்டைப் பாத்தாங்க, ஊசிய அப்படியே கீழ வெச்சிட்டாங்க. பொறந்த புள்ள பச்சையா கக்கினா அது பால் இல்லம்மா, பித்தம், குடல் அடைச்சிருக்கலாம், வீட்டுக்குக்கூட போவாதே, புதுச்சேரி ஓடுன்னாங்க. என்ன இருந்தாலும் படிச்சவங்க. அவங்களுக்கு தொக்கத்தப் பத்தி என்னா தெரியும்?

அங்க ஸ்கேன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது மாசமா இருக்கறப்ப எடுக்கறதுதான். வெளிய வந்த புள்ளைக்கு என்னாத்துக்குன்னு நினைச்சேன், கேக்க வெக்கமா இருந்துச்சி. ஊதலும் இல்ல, உறிஞ்சலும் இல்ல. வழவழன்னு ஒண்ண வயித்துல தடவி, சின்னதா ஒரு கட்டைய மேல வெச்சி நகத்துது, என் வயசுதான் இருக்கும் அந்த டாக்டர் பொண்ணுக்கு. டிவியில எல்லாம் சாம்பலா, மழை பேஞ்ச மாதிரி. நடுவுல கறுப்பா பலூன் கணக்கா இருந்துச்சே, அதான் இரைப்பையாம். அப்புறம் ரத்தம் ஓடுறதுக்கு கலரு போட்டுச்சி. பாத்திக்குத் தண்ணி தொறந்தா மடையில சுழிக்குமே, அப்படி செவப்பும் நீலமும் சுத்திச் சுத்தி வருது. அழகா இருக்குதேன்னு பாத்துக்கிட்டு நிக்கிறேன் நான், பாவி. அந்தப் பொண்ணு ஒரு கையில கட்டைய வெச்சிக்கிட்டே இன்னொரு கையில போனை எடுத்துடுச்சி.

பொறப்புலயே குடல் எடம் மாறி இருந்திருக்குதுங்க. அது முறுக்கிக்கிட்டு, ரத்தம் போவாம நிக்குது. இப்பவே ஆப்ரேஷன்னாங்க. தேடித்தேடிப் பாத்தாங்க, மீதிக் கடலை மட்டும் தெரியவேயில்ல. பாவம், மிஷினு பழசு போல.

பொழைச்சிட்டான்க்கா. தோ, தூளியில தூங்குறான். முறுக்கைப் பிரிச்சி வுட்டாங்க. கறுத்துப் போயிருந்த எடத்த மட்டும் வெட்டி எடுத்துட்டாங்க. முன்னாடியே வந்திருந்தா வெட்டவே வேண்டியதில்லையாம். மாமா என்ன சொல்றாருன்னா, அவரு பாதிய எடுத்ததாலதான் புள்ள டாக்டர் கைக்கு உசுரோட போச்சாம். அதத்தான் உங்களுக்கு யாரோ சொல்லியிருக்காங்க. கடைசிப் பாதிய வுட்டுட்டாங்க.

அழாதீங்க. அழுதா அத்தைக்குக் கேக்கும். எல்லாப் புள்ளைக்கும் இதுவா இருக்கணும்னு இல்ல. ஆனா பச்சைன்னா பாத்துடணும்னு நர்சம்மா சொன்னாங்க. செலவா? கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கா. மாமியார் திட்டுவாங்களா? திட்டட்டும். பேத்தி கூட இருந்தாத்தான் திட்டறதுலயும் ஒரு ருசி இருக்கும்.

இருங்க இருங்க, அந்தக் கடலைய வாயில போட்டுக்காதீங்க! கோச்சிக்காதீங்க, உங்களுக்குக் குடுக்கக்கூடாதுன்னு இல்ல. அது மாமாவோடது. பல்லால கடிச்ச மாதிரி ரெண்டா உடைக்கணும், கொஞ்ச நேரம் பாலில ஊறப் போடணும். அப்பத்தான் கடைவாயில ஒதுக்கினா வெளிய தெரியாது, துப்பினா வயித்துல கெடந்த மாதிரி கொழகொழன்னு இருக்கும். இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து இது என் வேலைதாங்க. என் பையனுக்கு உடைச்சதும் இந்தக் கைதான். தோ, இந்தக் கிண்ணத்துல இருக்கறது உங்க பாப்பா வயித்துல இருந்து வரப் போறது.

சத்தம் போடாதீங்க. சோறெல்லாம் இன்னும் ஆவல. அடுப்பே பத்த வெக்கல. எங்க வீட்டுக்காரரு எதுக்கு வர்றாருன்னு அவருக்குத் தெரியும். அப்பாவ எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு, ஆட்டோவ மட்டும் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நல்லா வேகமா ஓட்டுவாரு. கேக்குதுங்களா, வேலிக்கு அந்தாண்ட வந்து நிக்கிற சத்தம்?

தோ வர்றேன் மாமா! ஊறிடுச்சி மாமா, எடுத்தாறேன்! ஆங், புள்ளைக்காரி இங்கதான் உக்காந்திருக்காங்க! அக்கா, எழுந்திருங்க, செருப்புகூட வேணாம், புள்ளைய தோள்ல போட்டுக்கிட்டு வேலிப் பக்கமா குனிஞ்சி அப்படியே ஆட்டோவுக்கு…