மாங்காய் வாங்கிய கடை

லிட்டில் இந்தியாவில் பொங்கோல் செல்லும் ரயிலில் ஏறிய இளம் தம்பதி, எனக்கு எதிரே காலியாக இருந்த முன்னுரிமை இருக்கையருகே நின்றார்கள்.

“தலை சுத்துதுன்னியே, உக்காரு.”

“இது கர்ப்பிணிங்க சீட்டு லா. யாராவது பாத்து உங்கம்மாகிட்ட சொல்லிடுவாங்க. மூணு மாசம் முடியட்டும்.”

“நான் யார்கிட்டயும் மூச்சு விடலை.”

“பையில என்ன?”

“மாங்கா. காலையிலேர்ந்து குமட்டுதுன்னியே, தேக்கா மார்க்கெட்ல வாங்கினேன்.”

“எந்தக் கடை?”

“அம்மா வழக்கமா வாங்குற கடைதான்.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

“கடைக்காரர் ஏதாவது கேட்டாரா?”

“ஒண்ணும் கேக்கலை. சிரிச்சுக்கிட்டே ரெண்டு மாங்கா கூடப் போட்டாரு.”

அவன் கைபேசி ஒலித்தது. திரையில் ‘அம்மா’ என்றிருந்தது.

அவள் அந்த இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.