கிழிந்த பாக்கெட்

மனைவி: ...இது மூணாவது தடவைங்க. தைக்கிறவளுக்குத் தெரியாதா? கனமா எதையோ போட்டுத்தான் பாக்கெட் கிழிஞ்சிருக்கு.

கணவன்: சாவிக்கொத்துதான்.

மனைவி: அப்ப இந்த இரும்புத் துண்டுங்க? இடது பக்கம் ரெண்டு, வலது பக்கம் ரெண்டு.

கணவன்: பட்டறையில... மறந்து போட்டுக்கிட்டு வந்திருப்பேன்.

மனைவி: மாசத்துல ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் மறக்குமா?

கணவன்: நீ தையல்காரியா, போலீஸா?

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. எந்திரிங்க. கையைத் தொங்க விடுங்க.

கணவன்: டேப் எதுக்கு?

மனைவி: சட்டைக்குத்தான்.

கணவன்: தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல புள்ளி வச்சு அளக்குற... சட்டைக்கு இப்படி அளக்க மாட்டியே?

மனைவி: ஆடாதீங்க... பத்து இஞ்ச். ஆறு மாசத்துக்கு முன்னால சட்டைக்கு அளந்தப்ப கைச்சுத்து பதினொண்ணரை. வயிறு மட்டும் ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கு.

கணவன்: உன் சமையல் வேற எங்க போகும்?

மனைவி: சிரிக்காதீங்க. கைகால் குச்சியாப் போச்சு. நேத்து தண்ணி வாளியைப் பாதி வழியில இறக்கி வச்சீங்க. ஜன்னல்லேர்ந்து பார்த்தேன்.

கணவன்: வயசாகுதுல்ல...

மனைவி: நாப்பத்தொண்ணு ஒரு வயசா? இரும்பு எதுக்கு?

கணவன்: விடேன்...

மனைவி: எதுக்குங்க?

கணவன்: ஆஸ்பத்திரி எடை மிஷினுக்கு! போதுமா?

மனைவி: எந்த ஆஸ்பத்திரி?

கணவன்: பெரிய ஆஸ்பத்திரி. பின்பக்கம்... பதினேழாம் நம்பர் ரூம்.

மனைவி: பதினேழா...

கணவன்: உக்காரு. கத்தாதே. எனக்கு எச்.ஐ.வி. நாலு வருஷமா மாத்திரை சாப்பிடறேன். கிருமி அடங்கிடுச்சு, சதைதான் நிக்கல. இன்னும் எடை குறைஞ்சா வீட்டுலேர்ந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வரணும்னு டாக்டர் சொல்லிட்டார். உன்னைத்தானே கூட்டிட்டுப் போகணும்? அதான்...

மனைவி: அதான் இரும்பா? சதை கரையுறது அப்புறம் அவருக்கு எப்படிங்க தெரியும்? சத்து மாவு கொடுக்கிறது, மாத்திரையை மாத்துறது, எல்லாம் அதைப் பார்த்துத்தானே? உங்களையே ஏமாத்திக்கிட்டு... முட்டை வச்சா அதையும் என் தட்டுக்குத் தள்ளுறீங்க.

கணவன்: நீ... அழலையே. தள்ளிக்கூட உக்காரலையே.

மனைவி: வர்ற செவ்வாய் நானும் வரேன். பாக்கெட்டைத் தைச்சுத் தரேன், காலியா வாங்க.

கணவன்: இரு... கையில அந்த இடத்துலதான் அளக்கணும்னு உனக்கு யார் சொன்னது?

மனைவி: எடை மிஷின் பக்கத்துல நிப்பாங்களே, அந்த நர்ஸம்மாதான். மாசம் ஒரு வியாழக்கிழமை, அதே பதினேழாம் நம்பர் ரூம்ல... எனக்கு அந்த இடத்துலதாங்க அளப்பாங்க.