கொழும்போ, பேராதனையோ

– அப்ப கொழும்பிலயெண்டா ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாமோ, அண்ணா?

– ஓம், ராசேஸ். படிக்கிற இடமும் பெரியாஸ்பத்திரியும் கிட்டக் கிட்டத்தான். விடிய வாட்டில நோயாளியளைப் பாக்கிறது, பிறகு லெக்சர். நாட்டில உள்ள நோய் வருத்தமெல்லாம் அங்க வந்து சேரும். பயிற்சிக்கு அதைவிட நல்ல இடமில்லை, விளங்குதோ?

– பேராதனையில?

– அங்க மருத்துவம் துவங்கிக் கன காலமில்லை. வாட்டுக்குக் கண்டிக்குப் போகவேணும். ஆனா பிள்ளையள் குறைவு. புரொபெசர் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாராம்.

– தங்கிறதுக்கு?

– பேராதனையில ஹொஸ்டல் இருக்கு. கொழும்பில அறை தேடவேணும். நான் எஞ்சினியரிங் படிக்கேக்கை முதல் வருசம் வெள்ளவத்தையில ஒரு வீட்டு விறாந்தையிலதானே படுத்தெழும்பினனான்.

– பொம்பிளைப் பிள்ளை விறாந்தையில படுக்கேலாது.

– அதுக்கு நான் அங்க இருக்கிறன்தானே. யோசிக்காத.

– சரி, அது கிடக்கட்டும். வாட்டில ஒரு ஆள் கண் முன்னால செத்துப்போனா, படிக்கிற பிள்ளையோட ஆர் இருந்து கதைப்பினம்?

– இதெல்லாம் ஆரும் கேக்கிற கேள்வியோ?

– அம்மா போன அண்டைக்குப் பக்கத்தில ஒரு இளம் டொக்டர் நிண்டவர். என்னைவிடக் கூட அழுதவர் அவர்தான். ஒருத்தரும் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தேத்தண்ணி குடுக்கேல்லை.

– பேராதனையிலயெண்டா ஹொஸ்டலில எல்லாரும் ஒண்டாய் இருப்பினம். கதைக்க ஆள் இருக்கும். ஆனா நீ கொழும்பையே கேள். பேர் அங்கதான்.

– இஞ்ச ஒருக்கா வாங்கோ. அப்பாவை மற்றப் பக்கம் திருப்பவேணும். தோளில பிடியுங்கோ. அந்தக் கையை இழுக்காதேங்கோ, அது வேலை செய்யாது.

– கடவுளே. இவ்வளவு மெலிஞ்சு போனாரே.

– முதுகுக்குத் தலகணியை வையுங்கோ. ஓம், அப்பிடித்தான்.

– அப்பா, நான் தில்லை வந்திருக்கிறன்.

– அவருக்குக் கேக்கும். வாய்தான் திறக்கேலாது. கண்ணைப் பாருங்கோ, உங்களைத்தான் பாக்கிறார்.

– அப்பாவுக்குப் பாரிசவாதமெண்டு தந்தி வந்தது, ராசேஸ். தொழிற்சாலையில கடைசிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் லீவு எடுத்தா எல்லாம் பிழைச்சுப் போகும். முடிச்சிட்டு வருவமெண்டு...

– உங்களுக்கு இரணைமடுவிலயும் பயிற்சி தாறமெண்டவைதானே? அணைக்கட்டு வேலைக்கு.

– ஓம். சொந்த ஊர்க் குளத்தில நிண்டு என்னத்தைப் பழகிறதெண்டு நினைச்சன்.

– நீங்கள் சைக்கிளில வேலைக்குப் போய் வருவியளெண்டு அப்பா சைக்கிளுக்குப் புது ரயர் போடுவிச்சவர்.

– அதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?

– அவர் சொல்லவேண்டாமெண்டவர். பெடியன் படிக்கட்டும் எண்டார்.

– வயலை ஆர் பாக்கிறது?

– நான்தான். வாய்க்காலில தண்ணி திறக்கேக்கை பக்கத்து வயல் வீரகத்தி அண்ணை வந்து கூப்பிடுவார். இவருக்குக் கஞ்சி பருக்கிப்போட்டு ஓடுவன்.

– கேள், ராசேஸ். நான் கிளிநொச்சிக்கு வேலை மாத்தம் கேக்கிறன். அப்பாவையும் வயலையும் நான் பாக்கிறன். நீ போய்ப் படி. இந்த முறை நான் சொன்னபடி செய்வன், விளங்குதோ?

– விளங்குது. லதீபாவுக்கு அப்ப எதைச் சொல்லட்டும்? கொழும்போ, பேராதனையோ?

– லதீபாவோ? அது ஆர்?

– என்னோட பள்ளிக்கூட ஹொஸ்டலில இருந்து படிச்ச முல்லைத்தீவுப் பிள்ளை. அவளுக்கும் மருத்துவம் கிடைச்சிருக்கு. எந்த இடத்தில பிள்ளையை நம்பி விடலாமெண்டு கேக்க அவளின்ர வாப்பா நாளைக்கு வாறார். வீட்டில ஒருத்தரும் கொழும்புப் பக்கம் போய்ப் படிச்சதில்லையாம்.

– அப்ப நீ இவ்வளவு நேரமும் கேட்டது?

– அவளுக்காகத்தான். பேராதனையெண்டு சொல்லுவன். கதைக்க ஆள் இருக்குமெண்டியள்தானே.

– சரி. அவள் பேராதனைக்குப் போகட்டும். உனக்கு எந்த இடம்? அதைச் சொல்லு.

– எனக்கு இடம் வேண்டாமெண்டு போன மாசமே எழுதி அனுப்பிப்போட்டன், அண்ணா. நீங்கள் இண்டைக்குத்தானே வந்தனீங்கள்.