ஐந்தாம் அங்கத்து அழுகை

இந்த அறையில் விளக்கைத் தப்பான இடத்தில் மாட்டியிருக்கிறார்கள், சார். உச்சியிலிருந்து நேராக வெளிச்சம் விழுந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் தங்கும். பச்சைக் குழந்தையைக் கொண்டுவந்து உட்கார வைத்தாலும் கொலைகாரன் மாதிரிதான் தெரியும். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லுங்கள். முப்பது வருஷமாக நாடகம் போடுகிறவனுக்கு எங்கே போனாலும் கண் முதலில் விளக்கின்மேல்தான் போகிறது.

வரிசையாகவே சொல்கிறேன். முதலில் என் பழைய கூட்டாளி. அவனும் நானும் சேர்ந்துதான் குழுவை ஆரம்பித்தோம். அவன் மகனும் என் மகளும் மேடைத் திரைக்குப் பின்னால் தவழ்ந்து வளர்ந்தவர்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சுவரொட்டியில் அவன் பெயர் என் பெயரைவிட ஒரு விரல் பெரிதாக அச்சாகிவிட்டது. அச்சகத்தில் நடந்த தவறு என்றான். அப்படியானால் என் பெயர் ஏன் பெரிதாகவில்லை என்று கேட்டேன். அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவன் ஒரு குழு வைத்தான். அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்கள் போவதில்லை, எங்கள் வீட்டுக்கு அவர்கள் வருவதில்லை.

இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்டது ஒரு பழைய துயர நாடகம். இரண்டு குடும்பங்களுக்குத் தலைமுறைப் பகை. அந்த வீட்டுப் பையனும் இந்த வீட்டுப் பெண்ணும் காதலிக்கிறார்கள். பெரியவர்களின் வீம்புக்குச் சின்னஞ்சிறுசுகள் சாகின்றன. ஒத்திகையில் இதை நான் விளக்கியபோது காவல்காரன் வேஷம் போடுகிறவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். வீண்பகையின் கேட்டைப் பற்றி என் அளவுக்கு உருக்கமாகப் பேச ஆள் கிடையாது, குழுவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கதாநாயகி என் மகள். குரல் நல்ல குரல், நடையும் நன்றாக இருக்கும். அழ மட்டும் வராது. போன வருஷம் ஒரு விமர்சகர், காதலனைப் பறிகொடுத்தவள் பஸ்ஸைத் தவறவிட்டவள்போல அழுதாள் என்று எழுதினார். அந்த ஒரு வரி என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். இந்த நாடகமோ ஐந்தாம் அங்கத்தில், கல்லறைக் காட்சியில், அவள் அழுகிற ஏழு நிமிஷத்தில்தான் நிற்கிறது. மிளகாய், வெங்காயம், திட்டு எல்லாம் பார்த்துவிட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்து விஷயத்தைச் சொன்னாள். கூட்டாளியின் மகனை விரும்புகிறாளாம். எட்டு மாதமாக. பையன் எலக்ட்ரீஷியன், அப்பனின் குழுவுக்கு விளக்குப் போடுகிறவன். நான் கத்தவில்லை சார், கையை ஓங்கவில்லை. அவள் அவன் பெயரைச் சொன்னபோது கண்ணில் ஒரு பளபளப்பு வந்ததே, அதைத்தான் பார்த்தேன். முப்பது வருஷ அனுபவம் அது.

மறுநாள் பையனைத் தேடிப் போனேன். ஒரு செருப்புக் கடை வாசலில் ஏணிமேல் நின்று ட்யூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் விழப் பார்த்தான்.

"பயப்படாதே. எனக்குச் சம்மதம். ஒண்ணே ஒண்ணு. நாடகம் பன்னெண்டு நாள். அதுவரைக்கும் அவளைப் பார்க்கவும் கூடாது, போன் பண்ணவும் கூடாது. மனசு சிதறிடும். கடைசி நாள் வா. மேடையிலயே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"பன்னெண்டு நாள்தானே மாமா, கண்ணை மூடிட்டு இருந்துடுவேன்" என்றான். சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பையன். அவன்மேல் எனக்கு எந்தக் காலத்திலும் மனக்கசப்பு கிடையாது. இதை அழுத்திக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாடகம் தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை மகளிடம் சொன்னேன், அவன் செத்துவிட்டான் என்று. லாரி, பாலத்து முனை, ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

"யாருப்பா சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"நான் போகணும்."

"எப்படிம்மா போவே? அந்த வீட்டு வாசல்ல நம்மளை ஏத்துவாங்களா? எல்லாக் காரியமும் முடிச்சுட்டாங்களாம்."

"என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று கேட்டாள். நீலம் என்றேன். எந்த எலக்ட்ரீஷியனிடம் நீலச் சட்டை இல்லை? அவள் மனதில் வைத்திருந்த எல்லாச் சந்தேகமும் அதோடு அடங்கிவிட்டது. சண்டை போட்ட குடும்பங்களுக்குள் பொய் சொல்வது மிகச் சுலபம் சார். யாரும் யாரிடமும் விசாரிக்கப் போவதில்லை. செல்போனை, நாடகம் முடிகிறவரை எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்பது குழுவின் விதி. என் மகள் என்பதற்காக நான் விதியைத் தளர்த்தவில்லை.

முதல் நாளே அவள் அழுத அழுகைக்கு அரங்கத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. மூன்றாம் நாள் டிக்கெட் இல்லாமல் ஆட்களைத் திருப்பி அனுப்பினோம். அவள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். உடுப்பை என் மனைவி இரண்டு முறை இடுப்பில் பிடித்துத் தைத்தாள். தைத்துக்கொண்டே, "பொண்ணு கரையுதுங்க, நாடகத்தை நிறுத்துங்க" என்றாள். அந்த மெலிவு பாத்திரத்துக்கு எவ்வளவு பொருந்தியது என்பது அவளுக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் பெற்ற வயிறு எரியாதா? எரிந்தது. பன்னிரண்டாம் நாள் உண்மையைச் சொன்னால் எப்படிப் பூரித்துப்போவாள் என்று நினைத்து ஆற்றிக்கொண்டேன். செத்தவன் திரும்பி வருகிற சந்தோஷம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்? எந்த அப்பன் தருவான்?

ஒன்பதாம் நாள்தான் அந்த விமர்சகர் வந்தார். இரண்டாம் வரிசை, ஓரத்து நாற்காலி. நாலாம் அங்கம் முடிந்து திரை இறங்கிய நேரத்தில் பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் பையன் நிற்கிறான், கோடு போட்ட புதுச் சட்டை, தலையைப் படிய வாரிக்கொண்டு.

"மன்னிச்சிடுங்க மாமா. ஊரெல்லாம் அவ நடிப்பையே பேசுது. ஒரே ஒரு தடவை பார்த்துட்டு ஓடிடறேன். சத்தியமா அவ கண்ணுல பட மாட்டேன்."

பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சந்தோஷப்படுவாள். சிரித்த முகத்தோடு கல்லறைக்குள் போகிற கதாநாயகியைப் பற்றி அந்த விமர்சகர் என்ன எழுதுவார்? வேறொரு நாள் வந்திருந்தால் நானே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போயிருப்பேன்.

"மேலே ஏறிக்கோ, அங்கேருந்து நல்லாத் தெரியும்" என்றேன்.

மேடைக்கு மேலே, பின்படுதாவை ஒட்டி, விளக்குகளைத் திருப்புவதற்கு ஒரு பலகைப் பாதை இருக்கிறது. நடுப்பலகை உளுத்துவிட்டது என்று எங்கள் குழுத் தச்சர் அங்கே சிவப்புத் துணி கட்டியிருந்தார். பையன் தொழில் தெரிந்தவன், ஏணி உச்சியிலிருந்து கேட்டான்: "துணி கட்டியிருக்கே மாமா?"

"அது பழசு. அவுத்துட்டுப் போ."

துணியை அவன்தான் அவிழ்த்தான். நான் தொடவே இல்லை. கைரேகை பார்க்கிறவர்களைக் கேளுங்கள்.

கல்லறைக் காட்சியில் இடி இடிக்க வேண்டும். பெரிய தகரம் ஒன்று தொங்கும், அதைப் பிடித்து உலுக்குவது என் வேலை. அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உலுக்கினேன். பின்படுதாவுக்கு அப்பால் விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. காட்சி கெடவில்லை. ஏழு நிமிஷமும் அவள் ஒரு வரி பிசகாமல் அழுதாள். எழுந்து நின்று கைதட்டினார்கள், விமர்சகரும்தான்.

தச்சர்தான் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டார். மகள் வேஷத்தோடு ஓடிவந்தாள். அவனைப் பார்த்தாள், அந்தக் கோடு போட்ட சட்டையைத் தொட்டுப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒம்போது நாளா உயிரோடதான் இருந்தானாப்பா?"

அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை. உண்மையான இடத்தில் ஒரு சொட்டு வரவில்லை, பாருங்கள். இன்னும் பயிற்சி வேண்டும்.

என் கூட்டாளியும் வெளியே இருக்கிறான் என்றீர்கள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஒரே வாசலில் இரண்டு குடும்பமும் நிற்கிறது. நாடகத்திலும் கடைசியில் அப்படித்தான். இதில் வில்லன் என்று யாரும் கிடையாது, விதிதான் என்று ஒத்திகையில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். அவனை மேலே ஏற்றியது நான், பலகை தாங்காது என்று தெரிந்துதான் ஏற்றினேன். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். என் மகள் என்னோடு பேச மாட்டேன் என்கிறாளாம். அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். லாரி என்றதும், சட்டை நீலம் என்றதும் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி அவளிடம் நான் பொய்யே சொல்லவில்லை சார். ஒன்பது நாள் முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.