ஐம்பதும் எண்பத்திரண்டும்

அவையை ஆளும் தலைவர் அவர்களே, எங்களை ஆளும் தலைமையாசிரியை அவர்களே, புத்தகச் சுமையோடு வந்து புன்னகையோடு அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அவர்கள் தொலைத்த பென்சில்களைத் தேடியே கண் களைத்த தாய்மார்களே, முன்வரிசையில் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் என் மாமியார் அவர்களே, மூன்றாவது நாற்காலியில் முகம் சிவந்து அமர்ந்திருக்கும் இன்றைய நாயகியே, என் ஓரகத்தியே, அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

பாராட்டிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். யாரை? என் கொழுந்தனாரின் மனைவியை. எதற்காக? அதோ, விழாவுக்காகச் சற்றுமுன் கட்டிய நீலத்திரைக்குப் பின்னால், மாடிப்படிச் சுவர் முழுக்க நூற்றுப் பதினெட்டுத் தனிமங்களையும் கட்டம் கட்டமாக, வண்ணம் வண்ணமாக வரைந்து நிறுத்தியதற்காக. மனதாரப் பாராட்டுகிறேன் என்று சொன்னால் அது பொய். வயிறு எரிகிறது, அவையோரே. சிரிக்காதீர்கள், மெய்யாகவே எரிகிறது.

பொறாமை என்னவென்று வேதியியலைக் கேளுங்கள். குளோரின் என்று ஒரு தனிமம். அதன் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான். ஏழு போதாதா? போதாது, எட்டு வேண்டும். பக்கத்தில் சோடியம் தன் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரானோடு நின்றால், அதை வாங்கிக்கொண்டால்தான் இதற்கு நிம்மதி. ஆனால் நியானைப் பாருங்கள். வெளிக்கூடு நிறைந்திருக்கிறது, யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நானும் நியானாகப் பிறந்திருக்கலாம். குளோரினாகப் பிறந்துவிட்டேன்.

பத்தொன்பது ஆண்டுகள் இந்தப் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். என்னிடம் இருந்தது ஒரு துணி அட்டவணை. ஆணியில் மாட்டினால், நான் ஆக்சிஜனைத் தொடும்போது அவிழ்ந்து என் தலையில் விழும். பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள். நான்கே ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆசிரியையாக வந்தவள் இவள். ஒரு விடுமுறையில் ஏணி போட்டு ஏறினாள், வரைந்தாள். இப்போதெல்லாம் தண்ணீர் குடிக்கப் போகிற பிள்ளைகூடத் தனிமங்களைச் சொல்லிக்கொண்டே படியேறுகிறது. ஏணியைப் பிடித்தது யார் தெரியுமா? என் கணவர். என் துணி அட்டவணைக்கு ஒரு நல்ல ஆணி அடித்துத் தராத அதே மனிதர். மாமியார் தலையாட்டுகிறார்கள், பாருங்கள். உண்மை அவர்களுக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் அந்தச் சுவரில் நான் ஒரு பிழையைக் கண்டேன். கண்டதும் என்ன செய்தேன்? சொன்னேனா? இல்லை. சுட்டினேனா? இல்லை. பொத்திப் பொத்தி வைத்தேன். இத்தனை பேர் முன்னால், இதே மேடையில், இதே ஒலிபெருக்கியில் போட்டு உடைக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

பிழை இதுதான். தனிமத்தை அடையாளம் காட்டுவது அதன் உட்கருவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கை. ஐம்பது இருந்தால் அது வெள்ளீயம். எண்பத்திரண்டு இருந்தால் அது ஈயம். ஒரே குடும்பம், ஒரே நெடுவரிசை, வெளிக்கூட்டில் இருவருக்கும் நான்கு நான்கு எலக்ட்ரான். மேல் கட்டத்தில் அது, அதற்கு நேர் கீழே இது. மாடியில் ஒருத்தி, கீழே ஒருத்தி, எங்கள் வீட்டைப் போலவே. சுவரில் அவற்றின் பெயர்கள் இடம் மாறி நிற்கின்றன. ஐம்பதில் ஈயம், எண்பத்திரண்டில் வெள்ளீயம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா, முக்கியமான இடம் இது.

இன்று காலை, பிழை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கவே படியேறினேன். அங்கே இவள், கையில் ஒரு பழைய நோட்டோடு நிற்கிறாள். "அக்கா, ஒருதடவை நீங்களே சரிபார்த்துடுங்களேன். உங்க நோட்டப் பாத்துதான் எல்லாப் பேரையும் எழுதினேன்" என்றாள். என் நோட்டா? வாங்கிப் பார்த்தேன். நான் கல்லூரியில் எழுதியது, பழைய பேப்பர்காரருக்கு என்று கட்டி வைத்தது. அதை இவள் எடுத்து, அட்டை போட்டு வைத்திருக்கிறாள். ஐம்பதுக்கு நேரே ஈயம், எண்பத்திரண்டுக்கு நேரே வெள்ளீயம் என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து. கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன்.

ஏன் எழுதினேன்? பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுகிறார்களே, அதை வீட்டில் என்ன சொல்வோம்? சரியாகச் சொன்னீர்கள் அம்மா, ஈயம் பூசுவது என்போம். ஆனால் பூசுவது வெள்ளீயம். உண்மையான ஈயம் நஞ்சு. அதைப் பூசிச் சமைத்திருந்தால் நம்மில் பாதிப் பேர் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். அடுப்படிப் பேச்சை நம்பி அட்டவணையை எழுதிவிட்டேன்.

நோட்டை மூடினேன். இவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன். நெஞ்சறிந்த பொய். அப்போதும் இவள் தலைகுனிவதைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டேன், அவையோரே. அக்கா சொன்னால் சரி என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையோடுதான் இந்த மேடையேறினேன்.

என் பொறாமை தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. அந்தச் சுவர் அவளுடையது. அந்த வண்ணம் அவளுடையது. உங்கள் கைதட்டல் அத்தனையும் அவளுடையது. அந்த இரண்டு கட்டத்துப் பிழை மட்டும் என்னுடையது. எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்துவிட்டீர்கள், அதையும் கொடுக்க எனக்கு மனமில்லை.

திரையை விலக்குங்கள். ஒரு தூரிகை கொடுங்கள், திருத்துகிறேன். ஏணி பிடிக்க என் கணவர் வரவேண்டாம். சின்னவளே, நீ வந்து பிடி.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், சிரித்துக் கேட்ட பிள்ளைகளுக்கும் நன்றி. வணக்கம்.