ஆறாவது பாட்டின் மூச்சு

மச்சான்: நிறுத்து. திரும்பப் போடு.

காது: இதோட அஞ்சு தடவை ஆச்சுண்ணே.

மச்சான்: எண்ணச் சொல்லல. போடச் சொன்னேன். நீதானே சவுண்ட் இன்ஜினியர்?

மாப்ள: காதை ஏன் கடிக்கிற மச்சான்? சாயந்திரம் ஆல்பம் கம்பெனிக்குப் போகணும். இன்னும் நாலு பாட்டு கேட்க வேண்டியிருக்கு.

மச்சான்: இந்த ஆறாவது பாட்டுல உன் ராப்... இருபத்து நாலு வரி. நீ கேட்டியா?

மாப்ள: பாடினவனே கேட்கணுமா? நல்லாத்தான் இருக்கும்.

மச்சான்: ரொம்ப நல்லா இருக்கு. அதான் இடிக்குது.

மாப்ள: நல்லா இல்லைன்னா கத்துவ. நல்லா இருந்தா சந்தேகப்படுவ. உன் தங்கச்சியைக் கட்டின நாள்லேர்ந்து பாக்கிறேன், குடும்பமே போலீஸ் ஸ்டேஷன்தான்.

மச்சான்: அவதான் சொன்னா. செவ்வாய்க்கிழமையானா ரெக்கார்டிங்னு சொல்லிட்டு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வர்றியாம்.

மாப்ள: ஆமா... வர்றேன்.

மச்சான்: செவ்வாய்க்கிழமை நமக்கு ரெக்கார்டிங்கே கிடையாதே.

காது: நான் வேணா டீ வாங்கிட்டு...

மச்சான்: உட்காரு. நாலாவது வரி முடிஞ்சதும் ஒரு மூச்சு இழுக்கிறானே, அதைப் போடு. ம்... இப்போ பத்தாவது வரி. ... பதினாறு.

காது: போட்டாச்சுண்ணே.

மச்சான்: மூணும் ஒரே மூச்சு.

காது: மூச்சுன்னா எல்லாம் ஒரே மாதிரிதானே...

மச்சான்: ஒரே மாதிரின்னு சொல்லல. ஒரே மூச்சு. வெட்டி எடுத்து மூணு இடத்துல ஒட்டியிருக்க.

மாப்ள: ஏதோ நாற்காலிச் சத்தம் வந்திருக்கும், மாத்தியிருப்பான். இதுக்குப் போய்...

மச்சான்: இதுக்குப் போயா? நம்ம குழுவுக்கு 'ஈரச்சுவர்'னு பேர் வெச்ச நாள்லேர்ந்து மூணு ஆல்பம் போட்டோம். ஒவ்வொரு அட்டையிலயும் என்னடா அச்சடிச்சிருக்கோம்? 'ஒரே டேக், வெட்டு இல்லை'. உன் மூச்சை எண்ணி எண்ணி எழுதி அனுப்புற பசங்க இருக்காங்க.

மாப்ள: வேற வேலை இல்லாத பசங்க.

மச்சான்: காது, சத்தத்தைக் கூட்டு. மூச்சோட கடைசியில லேசா 'டிங்'னு கேட்குதா?

காது: கேட்குது.

மச்சான்: அது ஹேங்கர். இந்த ரூம்ல ஏது ஹேங்கர்? முதல் ஆல்பத்தை எங்கடா பாடினோம்? எங்க வீட்டுத் துணி அலமாரிக்குள்ள. எதிரொலி வரக்கூடாதுன்னு நீ சட்டைங்களுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, நான் வெளியே கதவைப் பிடிச்சுக்கிட்டு. நீ மூச்சை இழுத்தா தோள் இடிச்சு ஹேங்கர் ஆடும். இது பதினோரு வருஷத்துக்கு முந்தின மூச்சு.

மாப்ள: உனக்குத்தான் காதுன்னு பேர் வெச்சிருக்கணும்.

மச்சான்: சிரிக்காத. பழசைக் கொண்டாந்து எனக்கு ஒட்டுற. அப்போ புது மூச்செல்லாம் யாருக்குப் போகுது?

மாப்ள: என்ன பேச்சு இது...

மச்சான்: எந்தக் கம்பெனி? எவன் ஸ்டுடியோ? போன மேடையில பாதிப் பாட்டுக்கு மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டிட்டு நின்ன. ஏன், தொண்டையைப் பத்திரமா வெச்சுக்கவா?

காது: அண்ணே, அது அப்படி இல்ல...

மாப்ள: காது, நீ போய் டீ குடி.

காது: நான் சொல்லிடறேனே...

மாப்ள: போடா. கதவைச் சாத்திட்டுப் போ.

மச்சான்: ...ஆக, அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியக்கூடாது.

மாப்ள: அந்தத் திரையில பாரு. இந்தப் பாட்டுக்கு எத்தனை டேக்?

மச்சான்: நூத்திப் பதினேழு... உன்னோடதா?

மாப்ள: ஒரு வரி பாடுவேன். உட்காருவேன். காது தண்ணி குடுப்பான். எழுந்து அதே வரி. சரியா வந்தா அடுத்தது. எல்லாத்தையும் கோத்துக் கேட்டோம். வரியெல்லாம் சரியா இருந்துச்சு. நடுவுல வர்ற மூச்சுதான்... மாடி ஏறி வந்த கிழவன் மாதிரி. காதே கண்ணைத் துடைச்சுக்கிட்டான்.

மச்சான்: என்னடா சொல்ற?

மாப்ள: செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி. ஒரு டப்பா குடுப்பாங்க, உள்ள மூணு உருண்டை. குழாயை வாயில வெச்சு இழுத்தா மூணும் மேல ஏறணும். எனக்கு ஒண்ணுதான் ஏறுது. அதுவும் வேண்டா வெறுப்பா. நுரையீரல் சுருங்குதாம். ஏழு மாசமா.

மச்சான்: என் தங்கச்சிக்கு?

மாப்ள: தெரியாது. சொன்னா அவ உன்கிட்ட சொல்லுவா.

மச்சான்: ஏழு மாசமா எதிர்ல உட்கார்ந்து வரி எழுதற. ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல?

மாப்ள: சொன்னா இந்த ஆல்பத்தோட போற டூரை நீ நிறுத்திடுவ. நாற்பது ஊரு, மச்சான். கல்யாண மண்டபத்துலயும் காலேஜ் மைதானத்துலயும் மைக் வேலை செய்யாம கத்தினோமே, எல்லாம் இதுக்குத்தானே? என்னால அது நிக்கக்கூடாது. நான் யோசிச்சு வெச்சிருக்கேன். பாதி வரியில எனக்கு அடைச்சா உன் தோளைத் தொடுவேன். மிச்சத்தை நீ எடுத்துக்கோ. பாக்கிறவங்களுக்கு ஸ்டைலுன்னு தோணும். ஒத்திகை பாத்துக்கலாம். என்ன?

மச்சான்: ...

மாப்ள: பேசுடா. திட்டவாவது செய். காலையிலேர்ந்து கிண்டிக் கிண்டிக் கண்டுபிடிச்சுட்ட இல்ல? இப்ப ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?

மச்சான்: நீ வேற கம்பெனிக்குப் பாடியிருக்கணும்டா.

மாப்ள: என்னது?

மச்சான்: பாடியிருந்தா... எனக்கு எவ்வளவு சுலபமா இருந்திருக்கும். அந்த நாற்பது ஊருக்கும் உன்னை விட்டுட்டு நான் தனியாப் போறேன்னு கம்பெனியில கையெழுத்துப் போட்டு மூணு வாரம் ஆச்சு, மாப்ள.