வரப்பில் எதிர்ப்பட்டால்

எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றங்கரைதான். மலையேறத் தெரியாத இரண்டு பேர் மலேசியா வரை போய் எதற்கு மலையேறினீர்கள் என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆசைப்பட்டவர் வைத்தியலிங்கம் ஐயா. துணைக்கு வரச் சொன்னார், போனேன்.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே அவர் மிராசுதார். நான் அவர் நிலத்தில் குத்தகை. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது ஆறு ஏக்கரை என் பேரில் எழுதிவைத்தார். அன்றிலிருந்து என்னைச் சிநேகிதன் என்றார். மேடைக்கு மேடை எல்லாரும் சமம் என்று பேசிய காலம். நானும் மறுக்கவில்லை.

ஆனால் வரப்பு வேறு. வரப்பில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் சேற்றில் இறங்கி வழிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இறங்கியவன் நான். சிநேகிதன் ஆன பிறகும் நான்தான். இறங்கு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நின்று சிரிப்பார், நான் இறங்கிவிடுவேன். எனக்கு அதில் கோபம் உண்டு. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஏற்றம் கடுமையாக இருந்தது. வேரைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். ஓரிடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். என் முழங்காலை அவரே பிடித்துவிட்டார். நல்ல மனிதர்.

"எம்மவனுக்கு வயசு வந்துட்டு இராஜாங்கம். ஊருக்குப் போனதும் அந்த ஆறு ஏக்கரை அவன் பேருக்கு மாத்திடலாம்."

"செஞ்சிடலாங்க," என்றேன்.

உச்சியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் மேலே போனார். நான் அங்கேயே இருந்தேன். பாதை ஒரு வரப்பின் அகலம்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரப் பெரணிச் செடி, அதற்கப்பால் மூடுபனி. ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது எண்ணியும் சத்தம் வரவில்லை. விவசாயி எதற்கும் ஆழம் பார்த்து வைத்துக்கொள்வான்.

அரைமணியில் எதிரே வந்தார். நின்று சிரித்தார். நான் நகரவில்லை.

"என்னப்பா?"

"இன்னைக்கு நீங்க எறங்குங்க ஐயா."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு, "சரி, சிநேகிதம்னா அதானே," என்றார். கான்வாஸ் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சேறு பட்டால் வீணாகிவிடும் அல்லவா. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். ஒரு காலில் மடிப்பு நிற்கவில்லை. குனிந்து மறுபடி சுருட்டினார். சொல்வதற்கு நிறைய நேரம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காலைத் தூக்கிப் பெரணிக்குள் வைத்தார்.

தவறி விழுந்ததாக அந்த ஊர்ப் போலீஸ் எழுதியிருக்கிறது. தவறவில்லை, இறங்கினார். இறங்கச் சொன்னவன் நான், கீழே தரை இல்லை என்று தெரிந்தே சொன்னேன். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நிலத்துக்காக என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் மனைவி அமிர்தம் அம்மாள் மகனோடு வந்து கேட்டபோதுகூட, பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தேன்.